'தன்னாட்சிப் பகுதி' ஏற்கெனவே இருக்கிறதே, திபெத்தியர்கள் இன்னும் என்ன கேட்கிறார்கள்?

கேள்வி இது: "சீனாவில் 'திபெத் தன்னாட்சிப் பகுதி' என்று ஒன்று இருக்கிறது. சாலை, ரயில், மின்சாரம் எல்லாம் வந்துவிட்டது. பழைய திபெத்தில் இருந்த பண்ணையடிமை முறையும் ஒழிந்தது. அப்படியிருக்க தலாய் லாமாவும் அவரைப் பின்பற்றுபவர்களும் இன்னும் எதற்குப் போராடுகிறார்கள்? தனிநாடுதானே அவர்கள் நோக்கம்?"

தனிநாடு இல்லை. இதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான விவாதங்கள் இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. சீன மக்கள் குடியரசுக்குள் இருந்துகொண்டே தங்கள் மொழி, மதம், பள்ளிக்கூடம், நிலம் இவற்றைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் உரிமையைத்தான் தலாய் லாமா கேட்கிறார். 1970-களிலேயே அவர் அந்த முடிவுக்கு வந்துவிட்டார். 1988-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில், ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் அதை வெளிப்படையாக அறிவித்தார். 'நடுவழி' என்று திபெத்தியர்கள் சொல்வது இதைத்தான். முழு விடுதலையே வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். 1970-ல் தொடங்கிய திபெத்திய இளைஞர் காங்கிரஸ் இன்றும் அந்த நிலைப்பாட்டில்தான் நிற்கிறது. ஆனால் 2008 நவம்பரில், புகலிடத் திபெத்திய நிர்வாகம் இயங்கும் இந்திய நகரமான தர்மசாலாவில் கூடிய சிறப்பு மாநாடு, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, நடுவழியையே தொடர்வது என்று முடிவு செய்தது.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். அவர்கள் கேட்பதில் பெரும்பகுதி சீனாவின் சொந்த அரசியல் சட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியதை நடைமுறைப்படுத்துங்கள் என்று சொல்பவரைப் பிரிவினைவாதி என்று சிறையில் போடுகிறார்கள். திபெத் பிரச்சினையின் மையம் இதுதான் என்பது என் கருத்து.

டாஷி வாங்சுக் என்பவரின் வழக்கைப் பாருங்கள். சிங்காய் மாகாணத்தில் யூஷு என்ற ஊரில் கடை வைத்திருந்த திபெத்தியர். தன் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுதப் படிக்கச் சொல்லித்தர இடமே இல்லாமல் போவதைக் கண்டு மனம் கொதித்தார். கல்லெறியவில்லை, ஊர்வலம் போகவில்லை. சீன அரசியல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு எல்லா இனத்தவருக்கும் தங்கள் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் உரிமை தருகிறதே, அதைக் காட்டி உள்ளூர் அரசு மீது வழக்குப் போடலாமே என்று பெய்ஜிங்குக்குப் போனார். வழக்கை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. 2015-ல் நியூயார்க் டைம்ஸ் எடுத்த ஒரு குறும்படத்தில் முகத்தை மறைக்காமல் பேசினார். தான் விடுதலை கேட்கவில்லை, மொழிக் கல்விதான் கேட்கிறேன் என்பதையும் தெளிவாகவே சொன்னார். 2016 ஜனவரியில் பிடித்துக்கொண்டு போனார்கள். 'பிரிவினையைத் தூண்டினார்' என்பது குற்றச்சாட்டு. அந்தக் குறும்படம்தான் முக்கியச் சாட்சியம். 2018 மே மாதம் 5 ஆண்டு சிறைத் தண்டனை வந்தது. முழுத் தண்டனையையும் அனுபவித்துவிட்டு 2021 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

ஒரு மனிதர் அரசியல் சட்டப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு, நீதிமன்றம் வழியாகக் கேட்டதற்கு இந்தப் பதில் என்றால், 'தன்னாட்சிப் பகுதி' என்ற பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

காகிதத்தில் நிறைய இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் இனவாரித் தன்னாட்சிச் சட்டம் படிக்க நன்றாகவே இருக்கும். தன்னாட்சிப் பகுதி அரசின் தலைவர் அந்த இனத்தவராகவே இருக்க வேண்டும். மேலிருந்து வரும் உத்தரவு உள்ளூர் நிலைமைக்குப் பொருந்தவில்லை என்றால் அதை மாற்றவோ நிறுத்திவைக்கவோ கேட்கலாம். சிறுபான்மை இன மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளில், முடிந்தவரை அவர்கள் மொழிப் பாடப்புத்தகங்களைப் பயன்படுத்தி அந்த மொழியிலேயே கற்பிக்க வேண்டும். இதையெல்லாம் எழுதியவர்கள் சீனர்கள்தான், தர்மசாலா அல்ல.

சரி, நடைமுறைக்கு வருவோம். மேலிருந்து வரும் உத்தரவை நிறுத்திவைக்க அனுமதி தர வேண்டியது யார்? உத்தரவு போட்ட அதே மேல் அமைப்பு. தன்னாட்சிப் பகுதி தனக்கென ஒரு தன்னாட்சி விதித்தொகுப்பை இயற்றிக்கொள்ளலாம் என்கிறது அரசியல் சட்டம். ஆனால் பெய்ஜிங்கில் உள்ள தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழு ஒப்புதல் தந்தால்தான் அது செல்லும். திபெத் தன்னாட்சிப் பகுதி 1965-ல் அமைந்தது. அறுபது ஆண்டுகள் ஆகியும் அப்படி ஒரு விதித்தொகுப்பு வரவில்லை. திபெத்துக்கு மட்டுமல்ல, சீனாவின் ஐந்து தன்னாட்சிப் பகுதிகளில் எதற்கும் இல்லை.

அப்புறம், அதிகாரம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது. சீனாவில் எந்த மாகாணத்திலும் அரசுத் தலைவர் இரண்டாம் இடம்தான். முதல் இடம் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளருக்கு. அரசுத் தலைவர் திபெத்தியராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அவரும் திபெத்தியராகவே இருக்கிறார். கட்சிச் செயலாளர் பதவிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தன்னாட்சிப் பகுதி உருவான நாள் முதல் இன்றுவரை அந்த நாற்காலியில் ஒரு திபெத்தியர்கூட உட்கார்ந்ததில்லை. பணமும் அப்படித்தான்: பகுதி அரசின் செலவில் 90 சதவீதத்துக்கும் மேல் பெய்ஜிங் தருகிறது. கொடுப்பது தவறில்லை, கொடுப்பவரே எதற்குச் செலவழிப்பது என்பதையும் முடிவு செய்யும்போது தன்னாட்சிக்கு என்ன மிச்சம்?

இப்போது எல்லைப் பிரச்சினை. செய்திகளில் அதிகம் பேசப்படாத விஷயம், ஆனால் இது புரியாமல் 1959-ல் தலாய் லாமா ஏன் வெளியேறினார் என்பதும் புரியாது, இன்றைய பேச்சுவார்த்தை ஏன் முட்டி நிற்கிறது என்பதும் புரியாது.

திபெத்தியர்கள் தங்கள் நாடு என்று சொல்வது மூன்று பெரும் பிரதேசங்களை: லாசாவை மையமாகக் கொண்ட ஊ-சாங், கிழக்கே காம், வடகிழக்கே அம்டோ. உலக வரைபடத்தில் சீனா 'திபெத்' என்று குறிப்பது ஊ-சாங்கையும் காமின் மேற்குப் பகுதியையும் மட்டுமே. அம்டோவின் பெரும்பகுதி சிங்காயிலும் கான்சுவிலும் இருக்கிறது. காமின் மீதி சிச்சுவானிலும் யுன்னானிலும். இன்றைய தலாய் லாமா பிறந்த தக்ஸேர் கிராமமே சிங்காய் மாகாணத்தில்தான் வருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சீனாவில் திபெத்தியர்கள் ஏறத்தாழ 70 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 'திபெத் தன்னாட்சிப் பகுதி'க்கு வெளியே வாழ்கிறார்கள்.

1950 அக்டோபரில் சீனப் படை காமில் உள்ள சாம்தோ நகரைப் பிடித்தது. அதன் பிறகு, 1951 மே 23 அன்று பெய்ஜிங்கில் 17 அம்ச ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்திட்ட குழுவுக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை, நெருக்கடியில் போட்ட கையெழுத்து அது என்பது திபெத்தியர் தரப்பு. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று மட்டும் பார்ப்போம். திபெத்தின் அரசியல் அமைப்பை மாற்ற மாட்டோம், தலாய் லாமாவின் இடத்தையும் அதிகாரத்தையும் தொட மாட்டோம், மடாலயங்களைப் பாதுகாப்போம், சீர்திருத்தத்தைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று மத்திய அரசு வாக்குக் கொடுத்தது. இந்த வாக்குறுதிகள் லாசா அரசின் கீழ் இருந்த பகுதிக்கு மட்டும் என்று பெய்ஜிங் எடுத்துக்கொண்டது. ஆகவே 1955, 56-லேயே கிழக்குக் காமிலும் அம்டோவிலும் நிலப் பறிமுதலும் மடாலயங்கள் மீதான நடவடிக்கையும் தொடங்கிவிட்டன. எதிர்த்தவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். 1956-ல் லிதாங் மடாலயத்தின் மீது விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். வீடிழந்த காம் மக்கள் ஆயிரக்கணக்கில் லாசாவுக்கு ஓடிவந்தார்கள். நடந்ததை அவர்கள் வாயால் கேட்ட லாசாவாசிகளுக்கு, ஒப்பந்தத்தின் மீதிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. 1958-ல் காம் வீரர்கள் 'சூஷி காங்ட்ருக்' என்ற கெரில்லாப் படையைக் கட்டினார்கள். அமெரிக்க உளவு அமைப்பு சி.ஐ.ஏ. அவர்களுக்கு உதவியது உண்மைதான். ஆனால் கிளர்ச்சி தொடங்கியது அந்த உதவி வருவதற்கு முன்பே, சொந்த ஊர் எரிந்த ஆத்திரத்தில்.

1959 மார்ச் 10 அன்று தலாய் லாமாவைச் சீன ராணுவ முகாமில் நடக்கும் கலைநிகழ்ச்சிக்கு மெய்க்காவலர் இல்லாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்ற செய்தி பரவி, அவர் தங்கியிருந்த நோர்புலிங்கா அரண்மனையை மக்கள் சூழ்ந்துகொண்டதன் பின்னணி இதுதான். மார்ச் 17 இரவு அவர் லாசாவை விட்டுக் கிளம்பினார். 31-ஆம் தேதி இந்திய எல்லைக்குள் வந்தார். பின்னாலேயே ஏறத்தாழ 80,000 பேர் வந்தார்கள்.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதற்குத் தலாய் லாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். சீன அரசோடு ஒத்துழைத்து, லாசாவிலும் பெய்ஜிங்கிலும் பதவி வகித்த 10-ஆம் பஞ்சென் லாமாவைக் கேட்கலாம். திபெத்திய பௌத்தத்தில் தலாய் லாமாவுக்கு அடுத்தபடியாக மதிக்கப்படும் குரு பஞ்சென் லாமா. 1962-ல், இருபத்து நான்கு வயதில், பிரதமர் சூ என்லாயிடம் அவர் ஒரு நீண்ட மனு கொடுத்தார். 70,000 எழுத்து மனு என்றே அதற்குப் பெயர். திபெத்தில் 2,500-க்கும் மேல் இருந்த மடாலயங்களில் மிஞ்சியவை 70 போல. 1,10,000 துறவிகள் இருந்த இடத்தில் இப்போது சுமார் 7,000 என்று அதில் எழுதினார். பட்டினிச் சாவுகளைப் பற்றியும் எழுதினார். ஆண்டைக் கவனியுங்கள்: கலாசாரப் புரட்சி தொடங்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. எல்லாப் பழியையும் கலாசாரப் புரட்சியின் மேல் போட்டுவிடும் வழக்கத்துக்கு இந்த மனு ஒன்றே போதுமான மறுப்பு. மாவோ அந்த மனுவை 'நச்சு அம்பு' என்றார். எழுதியவருக்குப் பதவி போயிற்று, பிறகு பல ஆண்டுகள் சிறை, வீட்டுக்காவல். 1989 ஜனவரியில் ஷிகாட்சேயில் அவர் திடீரென்று இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், திபெத் அடைந்த வளர்ச்சியைவிட அதற்குக் கொடுத்த விலை அதிகம் என்று பொதுவில் பேசியிருந்தார்.

பண்ணையடிமை முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. பழைய திபெத் சமத்துவ பூமி அல்ல. நிலம் பிரபுக்களிடமும் பெரிய மடாலயங்களிடமும் அரசிடமும் இருந்தது. உழுதவர்கள் பரம்பரைக் கடமையால் கட்டுண்டிருந்தார்கள். கொடிய தண்டனைகள் இருந்தன. 13-ஆம் தலாய் லாமா செய்யப் பார்த்த சில சீர்திருத்தங்களை மடாலயங்களே தடுத்தன. இன்றைய தலாய் லாமாவும் இதை ஒளித்துப் பேசுவதில்லை. 1950-களின் தொடக்கத்திலேயே விவசாயிகளின் பரம்பரைக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் முயற்சியைத் தொடங்கியவர் அவர். ஆனால் ஒரு சமூகத்தில் அநீதி இருந்தது என்பது, வேறொருவர் வந்து அதை நிரந்தரமாக ஆள்வதற்கான உரிமைப் பத்திரம் ஆகிவிடுமா? அப்படி ஆகும் என்றால் நம் நாட்டில் வெள்ளைக்காரன் ஆண்டதையும் நியாயப்படுத்திவிடலாம். தவிர, 1950-ல் இருந்த பிரபுக்களைக் காட்டி 2018-ல் ஒரு கடைக்காரரைச் சிறையில் வைப்பதை விளக்க முடியாது.

வளர்ச்சி உண்மை. 2006-ல் லாசாவுக்கு ரயில் வந்தது, நெடுஞ்சாலைகள் வந்தன, மக்களின் ஆயுள் கூடியிருக்கிறது. இதை மறுக்கும் ஆதரவாளர்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள். எந்த வளர்ச்சி, யார் கேட்டு, யாருக்காக என்பதுதான் இங்கே கேள்வி. மேய்ச்சல் நிலத்தில் யாக் மாடுகளோடு வாழ்ந்த நாடோடிக் குடும்பங்களைச் சாலையோர வரிசை வீடுகளில் குடியேற்றும் திட்டம் 2000-க்குப் பிறகு பெரிய அளவில் நடந்தது. புல்வெளியைக் காக்க, வறுமையை ஒழிக்க என்று காரணம் சொன்னார்கள். மந்தையை விற்றுவிட்டுக் குடியேறியவருக்கு வேறு தொழில் தெரியாது, சீனமொழியும் வராது. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா என்று கேட்டால், மனித உரிமைக்கும் தன்னாட்சிக்கும் உள்ள தொடர்பு விளங்கிவிடும். பிரம்மபுத்திராவின் மேல்பகுதியான யார்லுங் சாங்போவில் உலகின் மிகப் பெரிய நீர்மின் திட்டத்தை 2025 ஜூலையில் சீனா தொடங்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் மக்களிடம் ஒரு வாக்கெடுப்பும் நடக்கவில்லை.

இன்று எனக்கு மிகவும் கவலை தருவது பள்ளிக்கூடங்கள்தான். கிராமப் பள்ளிகளை மூடிவிட்டு, தூரத்து ஊர்களில் அரசு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பது திபெத்தியப் பகுதிகள் முழுவதும் நடக்கிறது. ஏறத்தாழ பத்து லட்சம் திபெத்தியக் குழந்தைகள் இப்படிக் குடும்பத்தைப் பிரிந்து வாழ்கிறார்கள் என்று ஐ.நா.வின் சிறப்பு வல்லுநர்கள் மூவர் 2023 பிப்ரவரியில் எச்சரித்தார்கள். அங்கே பாடமொழி மாண்டரின். திபெத்திய மொழி ஒரு பாடமாகச் சுருங்கிவிட்டது. மக்கள் சிதறி வாழும் மலைநாட்டில் உறைவிடப் பள்ளி தவிர்க்க முடியாதது, பெற்றோர் விரும்பித்தான் சேர்க்கிறார்கள் என்கிறது சீனா. பக்கத்துப் பள்ளியை மூடிவிட்ட பிறகு விருப்பம் என்பதற்கு என்ன பொருள்? சரி, அரசுப் பள்ளி வேண்டாம், நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்றாலும் விடுவதில்லை. கோலோக் பகுதியில் பெயர்பெற்றிருந்த சேங்ட்ருக் தக்சே என்ற தனியார் பள்ளியை 2021-ல் மூடினார்கள். அதே வட்டாரத்தில் ராக்யா மடாலயத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற தொழிற்கல்விப் பள்ளியும் 2024-ல் மூடப்பட்டது. 2021 முதல் சிறுபான்மையினர் பகுதிகளின் மழலையர் பள்ளிகளிலும் மாண்டரின்தான். நான்கு வயதுப் பிள்ளை வார இறுதியில் வீட்டுக்கு வந்து பாட்டியோடு பேசத் தடுமாறுகிறது. ஒரு தலைமுறையில் ஒரு மொழி வீட்டை விட்டு வெளியேற இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. சீனா 2001-ல் ஏற்று உறுதி செய்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் ஐ.நா. குழு, இந்தக் கட்டாய உறைவிடப் பள்ளி முறையை உடனே கைவிடும்படி 2023-ல் கேட்டுக்கொண்டது. குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையிலோ சீனா 1998-ல் கையெழுத்து மட்டும் போட்டது. இன்னும் உறுதி செய்யவில்லை.

மதத்திலும் இதே கதை. தலாய் லாமாவின் படத்தை வைத்திருப்பது 1990-களின் நடுவிலிருந்து குற்றம். சிச்சுவானில் லாருங் கர் என்ற மலைச்சரிவில் 1980-ல் தொடங்கி, பல்லாயிரம் துறவிகளும் துறவினிகளும் கூடிப் படித்த பெரிய கல்விக்கூடம் வளர்ந்திருந்தது. சீனாவின் மற்ற பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்த இடம் அது. 2016-ல் அங்கே 5,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டு, ஆயிரக்கணக்கான குடில்களை இடித்து, ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2008-ல் திபெத்தியப் பகுதிகள் முழுக்கப் பரவிய போராட்டத்துக்குப் பிறகு கண்காணிப்பு இறுகியது. 2009-லிருந்து 150-க்கும் மேற்பட்ட திபெத்தியர்கள் தீக்குளித்திருக்கிறார்கள். துறவிகள், விவசாயிகள், தாய்மார்கள், மாணவர்கள். தலாய் லாமா திரும்பி வர வேண்டும், திபெத்துக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதுதான் அவர்களில் பலரின் கடைசிச் சொற்கள். இதைப் புகழ எனக்கு மனம் வராது, ஒரு உயிர்கூடப் போயிருக்கக் கூடாது. ஆனால் அந்தக் குடும்பங்களையும் ஊர்களையும் தண்டித்த அரசு, காரணத்தைப் பற்றி அவர்களிடம் ஒருமுறையும் பேசவில்லை.

வெளியிலிருந்து போய்ப் பார்க்கவும் முடியாது. வெளிநாட்டு நிருபர்கள் அரசு ஏற்பாடு செய்யும் பயணத்தில் சேர்ந்தால்தான் தன்னாட்சிப் பகுதிக்குள் நுழையலாம். உள்ளே இருப்பவர்களும் வெளியே வர முடியாது. 2012-ல் தன்னாட்சிப் பகுதியில் பாஸ்போர்ட்டுகளையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2008-க்கு முன் ஆண்டுக்கு 2,000-க்கும் அதிகமானோர் இமயத்தைக் கடந்து இந்தியா வந்தார்கள். இப்போது வருபவர்கள் சில பத்துப் பேர்.

பேச்சுவார்த்தைகளே நடக்காமல் இல்லை. 1979-ல் டெங் சியோபிங், தலாய் லாமாவின் அண்ணன் கியாலோ தொண்டுப்பைச் சந்தித்தபோது, சுதந்திரம் தவிர எதையும் பேசலாம் என்றார் என்பது கியாலோவின் சாட்சியம். டெங் அப்படிச் சொல்லவில்லை என்று பெய்ஜிங் பின்னால் மறுத்தது. 1980-ல் லாசா போன கட்சிப் பொதுச்செயலாளர் ஹூ யோபாங் அங்கிருந்த வறுமையைக் கண்டு கட்சிக்காரர்களைக் கண்டித்ததும், சீன அதிகாரிகளில் பெரும்பாலோரைத் திரும்ப அழைக்கச் சொன்னதும் உண்டு. அந்த ஜன்னல் கொஞ்ச காலம்தான் திறந்திருந்தது. 1989 மார்ச்சில் லாசாவில் ராணுவச் சட்டம் வந்தது. அப்போது அங்கே கட்சிச் செயலாளராக இருந்தவர் பின்னாளில் சீன அதிபரான ஹூ ஜின்டாவ்.

பிறகு 2002-லிருந்து 2010 வரை ஒன்பது சுற்றுப் பேச்சு நடந்தது. எட்டாவது சுற்றில், 2008-ல், சீனத் தரப்பு கேட்டுக்கொண்டதன்படி திபெத்தியர்கள் தங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்தார்கள். 'உண்மையான தன்னாட்சி' குறித்த அந்த ஆவணத்தில் பதினோரு துறைகள் வரும்: மொழி, பண்பாடு, மதம், கல்வி, சுற்றுச்சூழல், இயற்கை வளம், பொருளாதாரம், சுகாதாரம், உள்ளூர்ப் பாதுகாப்பு, வெளியிலிருந்து வரும் குடியேற்றத்தை ஒழுங்குபடுத்துவது, வெளிநாடுகளோடு பண்பாட்டுத் தொடர்பு. ராணுவமும் வெளியுறவும் பெய்ஜிங்கிடமே இருக்கட்டும் என்றார்கள். ஒவ்வொரு துறைக்கும் சீன அரசியல் சட்டத்திலிருந்தும் தன்னாட்சிச் சட்டத்திலிருந்தும் பிரிவுகளைக் காட்டினார்கள். சீனா அதை 'மறைமுக விடுதலை' என்று நிராகரித்தது.

அந்த நிராகரிப்பில் பெய்ஜிங்குக்கு மிகவும் உறுத்தியது எல்லை. திபெத்தியர் வாழும் எல்லாப் பகுதிகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரச் சொல்கிறார்கள், இது சீன நிலப்பரப்பில் கால் பங்கு என்கிறது அது. கேட்க அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பகுதிகளைத் திபெத்தியப் பகுதிகள் என்று அறிவித்ததே சீனாதான். நான்கு மாகாணங்களில் பத்துத் திபெத்தியத் தன்னாட்சி வட்டாரங்களும் இரண்டு தன்னாட்சி மாவட்டங்களும் இருக்கின்றன, அந்தப் பெயரோடு, அரசாணையோடு. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் நிலத்தை ஐந்தாகப் பிரித்து வைத்தால் ஒரே பாடத்திட்டம் கிடையாது, ஒரே பதிப்பகம் கிடையாது, ஒவ்வொரு மாகாணத்திலும் சிறுபான்மை. மொழியைக் காக்கும் எந்தத் திட்டமும் இந்தப் பிரிவினையில் வலுவிழக்கும். இதில் விட்டுக்கொடுத்துப் பேச இடமுண்டு என்றே நினைக்கிறேன். உதாரணத்துக்கு, நிர்வாகத்தைத் தொடாமல் கல்விக்கும் பண்பாட்டுக்கும் மட்டும் பொது அமைப்பு. பேசினால்தானே அதெல்லாம். 2010 ஜனவரிக்குப் பிறகு அதிகாரபூர்வமாக ஒரு சுற்றும் நடக்கவில்லை.

பெய்ஜிங் காத்திருக்கிறது என்பது வெளிப்படை. தலாய் லாமாவுக்கு 2025 ஜூலை 6 அன்று 90 வயது நிறைந்தது. அவருக்குப் பின் யார் என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று சீனா கருதுகிறது. அதற்கு முன்னோட்டம் 1995-லேயே நடந்துவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி ஆறு வயதுச் சிறுவன் கெதுன் சோக்கி நீமாவை மறைந்த பஞ்சென் லாமாவின் மறுபிறவி, 11-ஆம் பஞ்சென் லாமா என்று தலாய் லாமா அறிவித்தார். மூன்று நாளில் அந்தச் சிறுவனையும் பெற்றோரையும் சீன அதிகாரிகள் கொண்டுபோனார்கள். இன்றுவரை வெளியார் யாரும் அவரைச் சுதந்திரமாகச் சந்தித்ததில்லை. அவருடைய இடத்தில் சீனா வேறொரு சிறுவனை அமர்த்தியது. 2007-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: மறுபிறவி லாமாக்களை அரசின் அனுமதி இல்லாமல் அங்கீகரிக்கக் கூடாது. கடவுள் நம்பிக்கை கட்சி உறுப்பினருக்கே கூடாது என்று விதி வைத்திருக்கும் கட்சி, இன்னொருவர் மதத்தின் மிக அந்தரங்கமான முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்வது என்னைப் பொறுத்தவரை நேரடியான மத உரிமை மீறல். பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பு, ஜூலை 2 அன்று, தலாய் லாமா பதில் சொல்லிவிட்டார்: தலாய் லாமா மரபு தொடரும், அடுத்தவரை அங்கீகரிக்கும் அதிகாரம் தன் காடென் போட்ராங் அறக்கட்டளைக்கு மட்டுமே உண்டு.

இதற்கிடையில், புகலிடத்தில் அவர்கள் செய்துகாட்டியதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'பழைய மத ஆட்சியைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் அதில் இருக்கிறது. 1963-ல் வெளியிட்ட வரைவு அரசியல் சட்டத்திலேயே, மக்கள் பிரதிநிதிகள் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தலாய் லாமாவின் நிர்வாக அதிகாரத்தை எடுத்துவிடலாம் என்று ஒரு பிரிவை அவரே வற்புறுத்திச் சேர்த்தார். 2011-ல் அரசியல் பொறுப்பை முழுவதும் துறந்தார். இப்போது பல நாடுகளில் சிதறியுள்ள திபெத்தியர்கள் வாக்களித்து 45 பேர் கொண்ட நாடாளுமன்றத்தையும், சிக்யோங் என்ற நிர்வாகத் தலைவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2021 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் பென்பா சேரிங். மைசூருக்குப் பக்கத்தில் உள்ள பைலகுப்பே குடியிருப்பில் பிறந்தவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். குடகுக்குச் சுற்றுலா போகும் நம்மில் பலர் பைலகுப்பேயின் பொற்கோயிலைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். 1960-ல் மைசூர் அரசு கொடுத்த காட்டு நிலத்தைத் திருத்தி அவர்கள் உருவாக்கிய ஊர் அது. லாசாவின் சேரா மடாலயம் அங்கேதான் மறுபடி எழுந்தது. திபெத்தியப் பிள்ளைகள் அங்கே தங்கள் மொழியிலேயே எழுத்தறிகிறார்கள், கூடவே இந்தியும் ஆங்கிலமும் கன்னடமும் பேசுகிறார்கள். சொந்த மண்ணில் ஐந்து வயதில் பறிபோவது இங்கே அகதிக் குடியிருப்பில் கிடைக்கிறது.

இந்தியாவின் நிலைப்பாட்டையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 1954-லேயே நாம் 'சீனாவின் திபெத் பகுதி' என்று எழுதிக் கையெழுத்திட்டோம். 2003-ல் திபெத் தன்னாட்சிப் பகுதி சீனாவின் ஒரு பகுதி என்று மறுபடி அறிவித்தோம். ஐ.நா. பொதுச்சபை திபெத் குறித்து 1959, 1961, 1965 என மூன்று தீர்மானங்கள் நிறைவேற்றியது. கடைசித் தீர்மானத்துக்கு மட்டுமே இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆக, அடைக்கலம் கொடுத்ததில் இந்தியா காட்டிய பெருந்தன்மைக்கு ஈடு கிடையாது; அரசியல் ஆதரவு என்று பார்த்தால் கொடுத்தது மிகக் குறைவு. சீனாவின் இறையாண்மையை ஏற்றுக்கொண்டே, அதன் சட்டத்தில் உள்ளதை அங்கே நடைமுறைப்படுத்துங்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல இந்தியாவுக்கு எந்த ராஜதந்திரத் தடையும் இல்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக, பேச்சு ஏன் மறுபடி தொடங்கவில்லை என்று கேட்டால் ஒரு முக்கியமான முடிச்சைச் சொல்ல வேண்டும். திபெத் பழங்காலந்தொட்டே சீனாவின் பகுதி என்று தலாய் லாமா ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது பெய்ஜிங்கின் நிபந்தனை. இனிமேல் சீனாவுக்குள் இருக்கச் சம்மதம் என்று அவர் பல முறை சொல்லிவிட்டார். ஆனால் எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று சொல்ல மறுக்கிறார். 1913-க்கும் 1950-க்கும் இடையில் லாசா தனக்கென அரசும் படையும் பணமும் தபால்தலையும் வைத்திருந்தது. தன்னாட்சி வேண்டும் என்பதற்காக அந்த வரலாற்றை இல்லை என்று எழுதிக் கொடுக்க அவர் தயாராக இல்லை. மறைமுகத் தொடர்புகள் இருப்பதாக 2024-ல் பென்பா சேரிங் சொன்னார். உடனடியாக எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.